கெண்டக்கி 2014: பதின்ம வயது அணியின் ஏற்றமும் இறக்கமும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வரலாற்றில் மிக அதிகமாக எதிர்பார்க்கப்பட்ட அணிகளுள் ஒன்று, 2013ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் கெண்டக்கிப் பல்கலைக்கழகத்தில் திரண்டது. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்து வந்திருந்த இளைஞர்களே அதன் முதுகெலும்பாக இருந்தனர். பருவம் தொடங்கும் முன்பே நாட்டின் முதலாம் இடம் அந்த அணிக்கு வழங்கப்பட்டது. அடுத்த ஐந்து மாதங்களில் அது பத்து ஆட்டங்களில் தோற்றது. பின்னர், எவரும் எதிர்பாராத நேரத்தில், தேசிய இறுதி ஆட்டம் வரை சென்றது.

அந்தப் பருவத்தின் கதை ஒரு கல்லூரி அணியின் வெற்றி தோல்விக் கணக்கோடு முடிந்துவிடவில்லை. திறமையை ஒரே கோடையில் திரட்டிவிட முடியும், ஆனால் வீரர்களுக்கு இடையிலான நம்பிக்கையை அவ்வாறு திரட்ட முடியுமா என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்விக்கான விலையைப் பத்தொன்பது வயதுகூட நிரம்பாத சில இளைஞர்கள் தமது எதிர்காலத்தைக் கொண்டு செலுத்த வேண்டியிருந்தது.

ஓராண்டு விதி

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான என்பிஏ, ஒரு காலத்தில் பள்ளி மாணவர்களை நேரடியாகவே சேர்த்துக்கொண்டது. 1995இல் கெவின் கார்னெட், 1996இல் கோபி பிரையன்ட், 2003இல் லெப்ரான் ஜேம்ஸ் ஆகியோர் கல்லூரி வாசலையே மிதிக்காமல் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றவர்கள். அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களின் தொழிற்சங்கத்துக்கும் இடையே 2005இல் ஏற்பட்ட ஒப்பந்தம் இந்த வழியை மூடியது. 2006 முதல், 'டிராஃப்ட்' எனப்படும் ஆண்டுதோறும் நடைபெறும் வீரர் தெரிவில் பங்கேற்க ஓர் அமெரிக்க இளைஞர் 19 வயதை எட்டியிருக்க வேண்டும். பள்ளிப் படிப்பு முடிந்து ஓராண்டும் கடந்திருக்க வேண்டும்.

அந்த ஓராண்டைக் கழிப்பதற்குப் பெரும்பாலானோர் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தனர். ஓராண்டு ஆடிவிட்டு வெளியேறும் இந்த வழக்கத்தை மற்ற பயிற்சியாளர்கள் சகித்துக்கொண்டிருந்தபோது, 2009இல் கெண்டக்கிக்கு வந்த ஜான் கலிபாரி அதையே தமது அணியின் கொள்கையாக்கினார். ஆண்டுதோறும் நாட்டின் தலைசிறந்த பள்ளி வீரர்களைச் சேர்ப்பது, ஓராண்டு பயிற்றுவிப்பது, தொழில்முறை அணிகளுக்கு அனுப்பிவிட்டு மீண்டும் புதியவர்களைச் சேர்ப்பது என்பதே அவரது முறை.

இதற்கு உகந்த இடமாகவும் கெண்டக்கி இருந்தது. அம்மாநிலத்தில் பெரிய தொழில்முறை விளையாட்டு அணி எதுவும் இல்லை. லெக்சிங்டன் நகரில் உள்ள ரப் அரங்கில் இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் கல்லூரி ஆட்டங்களுக்குத் திரள்வது வழக்கம். 1948 முதல் 2012 வரை எட்டு முறை தேசியப் பட்டத்தை வென்ற பல்கலைக்கழகம் அது. அங்கு ஒரு தோல்வி என்பது மாநிலம் முழுவதும் பேசப்படும் செய்தியாகிவிடுகிறது.

கலிபாரியின் முறை 2012இல் உச்சத்தைத் தொட்டது. முதலாண்டு மாணவரான ஆந்தனி டேவிஸ் தலைமையில் கெண்டக்கி 38 ஆட்டங்களில் வென்று, இரண்டில் மட்டுமே தோற்று, இறுதியில் கான்சஸ் அணியை 67-59 என்ற கணக்கில் வீழ்த்திப் பட்டம் பெற்றது. ஆனால் மறு ஆண்டே அந்த முறையின் மறுபக்கமும் வெளிப்பட்டது. நட்சத்திர வீரரான நெர்லென்ஸ் நோயல் 2013 பிப்ரவரியில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். தேசியப் போட்டித் தொடருக்குத் தெரிவாகாத கெண்டக்கி, இரண்டாம் நிலைத் தொடர் ஒன்றின் முதல் சுற்றிலேயே ராபர்ட் மோரிஸ் என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் 59-57 எனத் தோற்றது.

எதிர்பார்ப்பின் சுமை

அந்த அவமானத்துக்குப் பின்னர் வந்த குழுவே 2013-14 அணி. பள்ளி மாணவர்களுக்கான மிக உயர்ந்த அங்கீகாரங்களுள் ஒன்றாகக் கருதப்படும் மெக்டொனால்ட்ஸ் அகில அமெரிக்க அணியில் இடம்பெற்ற ஆறு பேர் ஒரே ஆண்டில் கெண்டக்கியில் சேர்ந்தனர். டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜூலியஸ் ராண்டில், அதே மாநிலத்தின் இரட்டைச் சகோதரர்களான ஆண்ட்ரூ ஹாரிசன், ஏரன் ஹாரிசன், மிஷிகனைச் சேர்ந்த ஜேம்ஸ் யங், ஏழடி உயரமுள்ள டகாரி ஜான்சன், மார்கஸ் லீ ஆகியோரே அந்த அறுவர். முந்தைய ஆண்டிலிருந்து எஞ்சியிருந்த முக்கியமானவர்களான வில்லி காலி-ஸ்டெயின், அலெக்ஸ் பாய்த்ரஸ் ஆகிய இருவரும்கூட இரண்டாம் ஆண்டு மாணவர்களே.

தோல்வியே இல்லாமல் ஒரு பருவத்தை முடிக்கும் அணிக்குப் பயிற்சியாளராக இருக்க வேண்டும் என்ற தமது விருப்பத்தைக் கலிபாரி மறைத்ததில்லை. பருவம் தொடங்கும் முன்பே 40-0 என்று அச்சிட்ட சட்டைகளை ரசிகர்கள் அணிந்தனர். ஒரு பந்தைக்கூட எறியாத அணியின் மீது நாற்பது வெற்றிகள் முன்கூட்டியே எழுதப்பட்டன.

அந்தக் கனவு மூன்றாவது ஆட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. 2013 நவம்பர் 12ஆம் தேதி சிகாகோவில், தரவரிசையின் முதலாம் அணியான கெண்டக்கியும் இரண்டாம் அணியான மிஷிகன் ஸ்டேட்டும் மோதின. கெண்டக்கி புள்ளி எதுவும் எடுக்கும் முன்பே எதிரணி பத்துப் புள்ளிகளை எடுத்துவிட்டது. ராண்டில் தனியொருவராக 27 புள்ளிகளும் 13 ரீபவுண்டுகளும் எடுத்து அணியை மீண்டும் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தார். ஆயினும் பல ஆண்டுகள் சேர்ந்து ஆடிய வீரர்களைக் கொண்ட மிஷிகன் ஸ்டேட் 78-74 என்ற கணக்கில் வென்றது.

அந்த ஆட்டத்தின் வடிவமே பின்னர் பருவம் முழுவதும் திரும்பத் திரும்ப வந்தது. தொடக்கத்தில் தடுமாற்றம், நடுவே ஒருவரின் தனித்திறமையால் மீட்சி, கடைசி நிமிடங்களில் நிதானமின்மை என்பதே அந்த வடிவம்.

ஓர் அணிக்குள் இரண்டு அணிகள்

டிசம்பர் மாதத்தில் பெய்லரிடம் 67-62 எனவும், வட கரோலினாவிடம் 82-77 எனவும் கெண்டக்கி தோற்றது. அதே மாதத்தின் இறுதியில், முந்தைய ஆண்டின் பட்டத்தை வென்றிருந்த அண்டைப் பகையாளியான லூயிவில் அணியை 73-66 என வென்றது. அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியின் பெரும்பகுதியில் ராண்டில் தசைப்பிடிப்பால் வெளியே இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. சிறந்த வீரர் இல்லாதபோது அணி ஒன்றாக ஆடியது. அவர் திரும்பிய வாரங்களில் மீண்டும் சிதறியது.

ஜனவரியில் ஆர்கன்சாஸ் அணியுடனான ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. நேரம் முடியச் சற்றே முன்னர், தவறி வெளியே வந்த பந்தை எதிரணி வீரர் ஒருவர் ஓடிவந்து, எழும்பிப் பிடித்து, அப்படியே வளையத்துக்குள் திணித்தார். அவரைத் தடுத்து நிற்க வேண்டிய இடத்தில் கெண்டக்கி வீரர் எவரும் இல்லை. ஆட்டம் 87-85 என முடிந்தது. அதே மாதத்தில் லூசியானா ஸ்டேட் அணியிடம் 87-82 என்ற தோல்வியும் வந்தது.

பிப்ரவரி நடுவில் ஃபுளோரிடா அணி, ரப் அரங்குக்கே வந்து 69-59 என வென்றது. அதன் பின்னரே மிக மோசமான நாட்கள் வந்தன. பிப்ரவரி 27இல் ஆர்கன்சாசிடம் சொந்த அரங்கில் மீண்டும் கூடுதல் நேரத்தில் தோல்வி. மார்ச் 1இல், பருவம் முழுவதும் திணறிக்கொண்டிருந்த தென் கரோலினாவிடம் 72-67 எனத் தோல்வி. அந்த ஆட்டத்தில் நடுவர்களுடன் தர்க்கித்த கலிபாரியே அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஒரு வாரத்துக்குப் பின் ஃபுளோரிடாவிடம் 84-65 என மீண்டும் தோல்வி.

நாற்பது வெற்றிகள் என்ற கனவோடு தொடங்கிய அணி, தமது பிராந்தியக் கூட்டமைப்பில் 12 வெற்றிகளும் 6 தோல்விகளும் பெற்று நின்றது.

இளம் அணிகள் ஏன் தடுமாறுகின்றன?

இத்தகைய ஏற்ற இறக்கத்தைச் சோம்பலாகவோ தலைக்கனமாகவோ விளக்குவது எளிது. அப்போதைய விமர்சனங்கள் பலவும் அவ்வாறே இருந்தன. ஆனால் அதற்கு ஆட்டத்தின் இயல்பிலேயே காரணங்கள் உள்ளன.

முதலாவது, பந்து ஒன்றுதான். கெண்டக்கிக்கு வந்த ஒவ்வொருவரும் தமது பள்ளி அணியில் முடிவெடுப்பவராக இருந்தவர். நெருக்கடியான நேரத்தில் பந்து தம்மிடம் வர வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அத்தகைய ஐவர் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கும்போது, ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேற மற்ற நால்வரும் நின்று பார்ப்பது இயல்பாக நிகழ்ந்துவிடுகிறது.

இரண்டாவது, தடுப்பாட்டம். பந்தை வளையத்துக்குள் எறிவது பெருமளவுக்குத் தனித்திறமை. எதிரணியைத் தடுப்பது கூட்டுத்திறமை. ஒரு வீரர் கடக்கப்பட்டால் அடுத்தவர் உதவிக்கு நகர வேண்டும். அவர் விட்டுச்சென்ற இடத்தை மூன்றாமவர் நிரப்ப வேண்டும். இந்த நகர்வுகள் கண நேரத்துக்குள், பேச்சில்லாமல் நடக்க வேண்டியவை. யார் எங்கே நகர்வார் என்பதைப் பல நூறு முறை பார்த்துப் பழகியவர்களுக்கே அது கைவரும். ஆர்கன்சாசுக்கு எதிரான அந்தக் கடைசிப் பந்தில் எவருமே இல்லாத இடம், அந்தப் பழக்கம் இன்னும் உருவாகாததன் அடையாளம்.

மூன்றாவது, நேரம். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் அணிக் கடமைகளில் மாணவர்களை ஈடுபடுத்த முடியாது. வகுப்புகள், பயணங்கள், வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள் ஆகியவற்றுக்கு இடையில் கிடைக்கும் பயிற்சி நாட்கள் சொற்பமே. நான்கு ஆண்டுகள் சேர்ந்து ஆடும் அணிக்குக் கிடைக்கும் பயிற்சியில் ஒரு சிறு பகுதியே ஓராண்டு அணிக்குக் கிடைக்கிறது.

நான்காவது, தோல்வியே இந்த வீரர்களுக்குப் புதியது. பள்ளிக் காலத்தில் அரிதாகவே தோற்றவர்கள், ஒரு தவறுக்குப் பின் அடுத்த நொடியிலேயே மீண்டும் ஆட்டத்தில் கவனம் செலுத்தக் கற்றிருக்கவில்லை. தோள்கள் தொய்வதும் கைகளை விரிப்பதும் தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிந்தன. குறிப்பாக, ஆட்டத்தை நெறிப்படுத்தும் பாயிண்ட் கார்ட் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ ஹாரிசனின் உடல்மொழி பருவம் முழுவதும் விமர்சிக்கப்பட்டது.

மார்ச் மாதத்து மாற்றம்

கூட்டமைப்பின் போட்டித் தொடருக்கு முன்னர், அணியின் ஆட்டத்தில் சிறு திருத்தம் ஒன்றைச் செய்திருப்பதாகக் கலிபாரி செய்தியாளர்களிடம் அறிவித்தார். அது என்ன என்பதை அப்போது அவர் வெளியிடவில்லை. ஆண்ட்ரூ ஹாரிசன் தாமே புள்ளி எடுக்க முயல்வதைக் குறைத்து, சக வீரர்களுக்குப் பந்தைக் கொடுப்பதில் கவனம் செலுத்த வேண்டும் என்பதே அதன் சாரம் எனப் பின்னர் தெரியவந்தது. சொல்லக் கேட்டால் மிகச் சாதாரணமான அறிவுரை. ஆனால் ஐந்து மாதத் தோல்விகளுக்குப் பின்னரே அது காதில் விழும் நிலையில் அந்த அணி இருந்தது.

மார்ச் 16ஆம் தேதி, கூட்டமைப்பின் இறுதியில் ஃபுளோரிடாவிடம் கெண்டக்கி மீண்டும் தோற்றது. எனினும் இம்முறை 61-60 என ஒரே புள்ளி வித்தியாசம். கடைசித் தாக்குதலில் ஜேம்ஸ் யங் தரையில் வழுக்கிவிட்டதால் எறிய முடியாமல் போனது. எட்டு நாட்களுக்கு முன்னர் 19 புள்ளிகளில் தோற்ற அதே எதிரணியிடம் கிடைத்த இந்தத் தோல்வி, அணி மாறியிருக்கிறது என்பதற்கான முதல் சான்றாக அமைந்தது.

68 அணிகள் பங்கேற்கும் தேசியப் போட்டித் தொடரில் ஒரு முறை தோற்றால் வெளியேற்றம்தான். நான்கு பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் அணிகளுக்கு 1 முதல் 16 வரை தரநிலை வழங்கப்படுகிறது. 24 வெற்றிகள், 10 தோல்விகளுடன் வந்த கெண்டக்கிக்கு 8ஆம் தரநிலையே கிடைத்தது. இரண்டாம் சுற்றிலேயே முதல் தரநிலை அணியைச் சந்திக்க நேரும் கடினமான இடம் அது.

கான்சஸ் ஸ்டேட் அணியை 56-49 என வென்ற கெண்டக்கி, அடுத்ததாக விச்சிட்டா ஸ்டேட்டைச் சந்தித்தது. அதுவரை 35 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத அணி அது. கெண்டக்கி ரசிகர்கள் தமது சட்டைகளில் அச்சிட்டிருந்த கனவை நனவாக்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்களே. அந்த ஆட்டத்தில் இரட்டையர்கள் இருவரும் சேர்ந்து 39 புள்ளிகள் எடுத்தனர். விச்சிட்டா ஸ்டேட்டின் கடைசி எறிதல் தவறியபோது கெண்டக்கி 78-76 என வென்றிருந்தது.

மூன்று எறிதல்கள்

அதன் பின்னர் நிகழ்ந்தவையே ஏரன் ஹாரிசனின் பெயரை நிலைநிறுத்தின.

மார்ச் 28ஆம் தேதி இண்டியானாபொலிஸ் நகரில் லூயிவில் அணிக்கு எதிரான ஆட்டத்தில், 39 நொடிகள் எஞ்சியிருந்தபோது கெண்டக்கி பின்தங்கியிருந்தது. வளையத்தை நோக்கிப் பாய்ந்த ராண்டில், தாமே எறியாமல் மூலையில் நின்ற ஏரனுக்குப் பந்தைக் கொடுத்தார். மூன்று புள்ளி எறிதல் உள்ளே விழுந்தது. ஆட்டம் 74-69 என முடிந்தது. நவம்பரில் சிகாகோவில் தனியொருவராகப் போராடிய ராண்டில், மார்ச்சில் பந்தைக் கொடுத்தார் என்பதே அந்தப் பருவத்தின் மிகப் பெரிய மாற்றம்.

இரண்டு நாட்களுக்குப் பின் மிஷிகன் அணிக்கு எதிராக, சமநிலையில் இருந்த ஆட்டத்தில் 2.3 நொடிகள் எஞ்சியிருக்க ஏரன் மீண்டும் ஒரு மூன்று புள்ளி எறிதலை வெற்றியாக்கினார். கணக்கு 75-72. காலி-ஸ்டெயின் கணுக்கால் காயத்தால் விலகியிருந்த அந்த ஆட்டத்தில், பல வாரங்களாகப் பெரிதும் இருக்கையிலேயே அமர்ந்திருந்த மார்கஸ் லீ களமிறங்கிப் பத்துப் புள்ளிகள் எடுத்தார்.

ஏப்ரல் 5ஆம் தேதி டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் விஸ்கான்சின் அணியுடன் அரையிறுதி. ஆட்டம் முடியும் தறுவாயில் ஆண்ட்ரூ ஹாரிசன், மூன்று புள்ளிக்கு எறிய முயன்ற எதிரணி வீரரைத் தட்டிவிட்டார். இளம் வீரர்கள் செய்யும் தவறுகளிலேயே மிகப் பழையது அது. அந்த வீரர் மூன்று ஃப்ரீ த்ரோக்களில் இரண்டை உள்ளே போட்டு விஸ்கான்சினை முன்னிலைப்படுத்தினார். அடுத்த தாக்குதலில் அதே ஆண்ட்ரூ பந்தைத் தமது சகோதரரிடம் கொடுக்க, 5.7 நொடிகள் எஞ்சியிருந்த நிலையில் ஏரனின் மூன்றாவது எறிதலும் உள்ளே விழுந்தது. 74-73 எனக் கெண்டக்கி இறுதிக்குச் சென்றது.

ஜனவரியில் ஒரு தவறுக்குப் பின் தலைகுனிந்த வீரர், ஏப்ரலில் அதைவிடப் பெரிய தவறுக்குப் பின் சில நொடிகளில் சரியான முடிவை எடுத்தார். இளம் அணி வளர்ந்துவிட்டது என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படவில்லை.

இறுதி ஆட்டம்

ஏப்ரல் 7ஆம் தேதி 79,238 பார்வையாளர்கள் முன்னிலையில் நடந்த இறுதியில், கெண்டக்கி ஐந்து முதலாண்டு மாணவர்களுடன் களமிறங்கியது. இறுதி ஆட்டத்தில் அவ்வாறு ஆட்டத்தைத் தொடங்கியது அதற்கு முன்னர் 1992இன் மிஷிகன் அணி மட்டுமே. ஐவரில் எவருக்கும் இருபது வயது ஆகியிருக்கவில்லை.

எதிரே நின்ற கனெக்டிகட் அணி 7ஆம் தரநிலை பெற்றது. மாணவர்களின் கல்வித் தேர்ச்சி குறைவாக இருந்ததால் முந்தைய ஆண்டின் போட்டித் தொடரிலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் தடை செய்யப்பட்டிருந்தது. அந்தத் தடைக் காலத்தில் பலர் வேறு இடங்களுக்குச் சென்றபோதும் விலகாமல் நின்றவர்களுள் ஒருவர் ஷபாஸ் நேப்பியர். 22 வயதான அவர் நான்காம் ஆண்டு மாணவர்; 2011இல் பட்டம் வென்ற அணியிலும் இருந்தவர்.

முதல் பாதியில் 15 புள்ளிகள் வரை பின்தங்கிய கெண்டக்கி, இடைவேளைக்குள் இடைவெளியை நான்காகக் குறைத்தது. இரண்டாம் பாதியில் ஒரு புள்ளி வித்தியாசம் வரை நெருங்கியது. ஆனால் ஒரு முறைகூட முன்னிலை பெற முடியவில்லை. ஒவ்வொரு முறை நெருங்கும்போதும் நேப்பியரோ அவரது சக வீரர்களோ நிதானமாகப் பதில் கொடுத்தனர். நேப்பியர் 22 புள்ளிகள் எடுத்தார். கனெக்டிகட் 60-54 என வென்றது.

அந்த ஆட்டத்தின் ஒரு புள்ளிவிவரமே தோல்விக்கான விளக்கமாகப் பெரிதும் சுட்டிக்காட்டப்பட்டது. கனெக்டிகட் தமக்குக் கிடைத்த பத்து ஃப்ரீ த்ரோக்களையும் உள்ளே போட்டது. கெண்டக்கி 24இல் 13ஐ மட்டுமே போட்டது. எவரும் குறுக்கே நிற்காமல், அசையாத தூரத்திலிருந்து எறியும் இந்த எறிதலுக்கு உயரமோ வேகமோ தேவையில்லை. தவறவிட்ட பதினொரு எறிதல்கள்; தோற்றது ஆறு புள்ளிகளில்.

யாருக்கு என்ன கிடைத்தது?

இறுதி ஆட்டம் முடிந்த சில வாரங்களில் ஒவ்வொரு வீரரும் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருந்தது. போட்டித் தொடரில் வெளிச்சம் பட்டிருக்கும்போதே தொழில்முறைக்குச் செல்வதா, மேலும் ஓராண்டு காத்திருப்பதா?

ராண்டில் வெளியேறினார், 2014 டிராஃப்டில் ஏழாவதாக லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியால் தெரிவு செய்யப்பட்டார். தமது முதல் ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்தபோதும், பின்னர் மீண்டு 2021இல் ஆல்-ஸ்டார் வீரரானார். யங் 17ஆவதாகப் பாஸ்டன் அணிக்குச் சென்றார். ஆனால் என்பிஏவில் அவரால் நிலைபெற இயலவில்லை.

ஹாரிசன் சகோதரர்கள் கெண்டக்கியிலேயே தங்கினர். மறு ஆண்டில், கார்ல்-ஆந்தனி டவுன்ஸ், டெவின் புக்கர் போன்ற புதியவர்களும் சேர, அந்த அணி 38 ஆட்டங்களில் தொடர்ந்து வென்றது. 40-0 என்ற கனவு இரண்டே ஆட்டத் தொலைவில் இருந்தபோது, அரையிறுதியில் விஸ்கான்சின் 71-64 எனப் பழிதீர்த்துக்கொண்டது.

2015 டிராஃப்டில் கெண்டக்கியின் ஆறு வீரர்கள் தெரிவு செய்யப்பட்டனர். டவுன்ஸ் முதலாவதாகவும், காலி-ஸ்டெயின் ஆறாவதாகவும், ஆண்ட்ரூ ஹாரிசன் 44ஆவதாகவும் அழைக்கப்பட்டனர். முந்தைய ஆண்டு மூன்று எறிதல்களால் நாட்டையே எழுந்து நிற்க வைத்த ஏரன் ஹாரிசனின் பெயரை எந்த அணியும் அழைக்கவில்லை. பின்னர் தனி ஒப்பந்தம் மூலம் என்பிஏவில் குறுகிய காலம் ஆடிய அவர், ஐரோப்பியக் கழகங்களுக்கும் ஆடினார்.

அன்றைய விதிகளின்படி அந்த மூன்று எறிதல்களுக்காக ஏரனுக்குச் சட்டபூர்வமாக ஒரு டாலர்கூடக் கிடைத்திருக்க முடியாது. கல்வி உதவித்தொகையும் தங்குமிடமும் உணவுமே மாணவர்களுக்கான ஊதியம். அதே போட்டித் தொடரின் நாயகனான நேப்பியரே, சில இரவுகளில் பசியோடு உறங்கச் சென்றதாகச் செய்தியாளர்களிடம் கூறியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. மாணவ வீரர்களுக்கு வரம்பின்றி உணவு வழங்கலாம் என என்சிஏஏ அதே ஏப்ரல் மாதத்தில் விதியைத் தளர்த்தியது.

மாறிய காலம்

அதன் பின்னர் விதிகள் தலைகீழாக மாறிவிட்டன. 2021 முதல் மாணவ வீரர்கள் தமது பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குப் பயன்படுத்திப் பணம் ஈட்டலாம். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதும் அதே ஆண்டில் எளிதாக்கப்பட்டது. 2025இல் ஏற்பட்ட நீதிமன்றத் தீர்வுக்குப் பின் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்குகின்றன. கல்லூரியில் தங்குவதே வருமானம் தருவதால், பலர் 22, 23 வயது வரை ஆடுகின்றனர்.

இதன் விளைவு களத்தில் தெரிகிறது. 2022இல் 15ஆம் தரநிலை பெற்ற செயின்ட் பீட்டர்ஸ் அணியிடமும், 2024இல் 14ஆம் தரநிலை பெற்ற ஓக்லண்ட் அணியிடமும் கெண்டக்கி முதல் சுற்றிலேயே தோற்றது. ஓக்லண்ட் அணிக்காகப் பத்து மூன்று புள்ளி எறிதல்களை உள்ளே போட்டவர், பட்டப்படிப்பை முடித்துவிட்டு மேலும் ஓராண்டு ஆட வந்தவர். அவரை எதிர்த்து நின்ற கெண்டக்கி அணியின் இரண்டு முதலாண்டு மாணவர்கள், சில மாதங்களில் என்பிஏ தெரிவில் முதல் எட்டு இடங்களுக்குள் அழைக்கப்பட்டனர். தொழில்முறை அணிகள் தேடும் திறமையும், மார்ச் மாத இரவொன்றில் வெல்லத் தேவைப்படும் திறமையும் ஒன்றல்ல என்பதை இது காட்டியது.

2024 ஏப்ரலில் கலிபாரி கெண்டக்கியை விட்டு விலகி, பத்தாண்டுகளுக்கு முன்னர் தம்மை இருமுறை வீழ்த்திய ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கே சென்றார். அவருக்குப் பின் வந்த மார்க் போப், 1996இல் பட்டம் வென்ற கெண்டக்கி அணியில் ஆடியவர். தமது முதல் அணியைப் பிற கல்லூரிகளில் ஆடி அனுபவம் பெற்ற மூத்த வீரர்களைக் கொண்டே பெரும்பாலும் அமைத்தார்.

இளம் வீரர்களை நம்புவது தவறு என்ற முடிவுக்கு 2014இன் கதை இட்டுச்செல்வதில்லை. 2015இல் முதலாண்டு மாணவர்களைப் பெரிதும் நம்பிய டியூக் அணியே பட்டம் வென்றது. ஆனால் இளம் அணியிடம் நவம்பரிலேயே முழுமையை எதிர்பார்ப்பது எவ்வளவு பெரிய அநீதி என்பதை அந்தப் பருவம் உணர்த்துகிறது. பத்துத் தோல்விகளும் வீணானவை அல்ல. பந்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை ராண்டிலுக்கும் ஆண்ட்ரூவுக்கும் கற்றுக்கொடுத்தவை அவையே. அந்தப் பாடத்தைக் கற்று முடித்தபோது, சேர்ந்து ஆடுவதற்கு அந்த ஐவருக்கும் எஞ்சியிருந்தது ஒரே மாதம்தான்.